கட்டியவருக்கும் கற்றுத்தர ஒருவர் வேண்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருட்டாலைகள், தேர்வாய்கண்டிகையின் டயர் தொழிற்சாலை, திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள், ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலை ஆகியவற்றை ஒருசேர எண்ணிப் பார்த்தால், தகட்டை வளைக்கவும் குழாயைப் பற்றவைக்கவும் ரிவெட் அடிக்கவும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை அளந்து கடையவும் தெரிந்த கைகளுக்குத் திருவள்ளூர் வட்டாரத்தில் பஞ்சமில்லை என்பது விளங்கும். இரண்டு பேர் அமரக்கூடிய இலகுரக விமானம் ஒன்றைக் கட்டி முடிப்பதற்குத் தேவையான கைவேலையின் பெரும்பகுதி இத்தகைய திறன்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தொழிற்சாலையிலிருந்து முழுமையாக வெளிவராமல், தனியாள் ஒருவர் வரைபடத்தைப் பார்த்தோ, ‘கிட்’ எனப்படும் உதிரிபாகத் தொகுப்பை வாங்கியோ தம் கையாலேயே பூட்டி முடிக்கும் விமானத்தை ‘சொந்தக் கட்டுமான விமானம்’ என்று குறிப்பிடலாம். உலகெங்கும் பல்லாயிரம் பேர் இவ்வாறு விமானம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் கட்டத் தெரிந்தவருக்கு அந்த விமானத்தை ஓட்டத் தெரியும் என்று சொல்ல முடியாது. வேறு விமானங்களை ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டியவருக்கும் இந்த ஒன்றை ஓட்டத் தெரியும் என்று சொல்ல முடியாது. இவ்விரண்டு உண்மைகளையும் ஏற்றுக்கொள்ளத் தயங்கியதால் நேர்ந்த மரணங்கள் பல.

தொழிற்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு இச்செய்தி புதிதாக இராது. புதிய சிஎன்சி எந்திரம் ஒன்று வந்திறங்கினால், விற்ற நிறுவனத்தின் பொறியாளர் வந்து நிறுவி, ட்ரையல் எடுத்துக் காட்டி, ஆப்பரேட்டருக்குப் பழக்கிக் கொடுத்த பிறகே உற்பத்தி தொடங்குகிறது. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆப்பரேட்டரும் அதைத் தமக்கு இழுக்கு என்று கருதுவதில்லை. விமானத்தில் அந்த ட்ரையலைத் தரையிலேயே நடத்தி முடித்துவிட வழியில்லை என்பதனால்தான் பயிற்றுநரின் தேவை அங்கே பன்மடங்காகிறது.

சென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திவந்த டி'ஏஞ்சலிஸ், தாம் வகுத்த அமைப்பின்படி சிம்ப்சன் நிறுவனத்தின் பட்டறையில் விமானம் ஒன்றைக் கட்டச் செய்து, 1910-ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் பரிசோதித்து, பின்னர் தீவுத்திடலில் மக்கள் முன்னிலையில் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்து அப்போது ஏழு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. அவருக்குக் கற்றுத்தரும் நிலையில் சென்னையில் எவரும் இல்லை. அக்காலத்து முன்னோடிகளுள் மிகப் பலர் தமக்குத் தாமே ஆசிரியராக இருந்தார்கள் என்பது பெருமைக்குரியதுதான். அவர்களுள் எத்தனை பேர் அந்தப் பாடத்தை முடிக்காமலேயே மாண்டார்கள் என்பதையும் அதனோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

பறக்கக் கற்பித்தல் என்பது ஒரு முறையான கலையாக உருவெடுத்தது முதல் உலகப் போரின்போதுதான். பிரிட்டிஷ் விமானியான ராபர்ட் ஸ்மித்-பேரி, 1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட் என்னும் ஊரில், இரட்டைக் கட்டுப்பாடு கொண்ட ஆவ்ரோ 504 விமானங்களைப் பயன்படுத்தி ஒரு பயிற்சி முறையை வகுத்தார். இரட்டைக் கட்டுப்பாடு என்பது மாணவருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனியே கைப்பிடியும் கால்மிதியும் இருக்கும் அமைப்பு. எந்திர இரைச்சலை மீறி ஆசிரியரின் குரல் மாணவரின் காதை எட்டுவதற்கு ஒரு பேச்சுக் குழாயும் பொருத்தப்பட்டது. ஆபத்தான நிலைகளை மாணவரிடமிருந்து மறைத்துவைப்பதை விட்டுவிட்டு, ஆசிரியர் உடனிருக்கும்போதே அவற்றுக்குள் வேண்டுமென்றே நுழைந்து, மீண்டு வரப் பழக்குவதே ஸ்மித்-பேரியின் அடிப்படைக் கொள்கை. விமானப் பயிற்சி இன்றும் பெரிதும் அந்த அடித்தளத்தின் மீதே நிற்கிறது. அந்த மரபின் இந்திய வாரிசு சென்னைக்கு அருகிலேயே இருக்கிறது. 1948-இல் அம்பாலாவில் தொடங்கி 1954-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த இந்திய விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி, ஏற்கெனவே தேர்ந்த விமானிகளாக இருப்பவர்களை ஆசிரியர்களாக மாற்றுகிறது. விமானத்தைத் திருப்பிக்கொண்டே, கை செய்வதை வாய் அதே கணத்தில் சொல்லும்படி கோவையாகப் பேசும் திறனை, ‘பேட்டர்’ என்ற பெயரில், அங்கே தனியே பயிற்றுவிக்கிறார்கள். நன்றாக ஓட்டுபவர் நன்றாகக் கற்பிப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை ஒரு நாட்டின் விமானப்படையே ஒப்புக்கொண்டு அதற்கென ஒரு பள்ளியை நடத்திவருவது கவனிக்கத்தக்கது.

இலகுரக விமானம் எந்த வகையில் வேறுபடுகிறது என்பதை இனிக் காணலாம். பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானத்தின் உச்ச எடை 1,100 கிலோவுக்கு மேல். இந்தியாவில் ‘மைக்ரோலைட்’ என்று வகைப்படுத்தப்படும் இரண்டு இருக்கை விமானத்தின் எடை வரம்போ 450 கிலோ. எடை குறைந்தால் ஓட்டுவது எளிது என்று தோன்றும். உண்மையில் எடை குறையும்போது உந்தமும் குறைகிறது. கம்பிகளும் தாங்கு சட்டங்களும் காற்றில் நிற்கும் மெதுவான விமானத்தில் காற்றின் எதிர்ப்பு மிகுதி. ஆகவே மேலேறிக்கொண்டிருக்கும்போது எந்திரம் நின்றுபோனால், கனமான விமானம் சில விநாடி அவகாசம் தரும் இடத்தில், இலகுவான விமானம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வேகத்தை இழந்துவிடுகிறது. மூக்கை உடனே, துணிந்து, கீழே சாய்க்க வேண்டும். செஸ்னாவில் பழகிய கைக்கு இந்த அவசரம் தெரியாது.

வேகம் குறைந்து, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டும்போது, இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு ஏற்றவிசை சரிகிறது. இதற்கு ‘ஸ்டால்’ என்று பெயர். எந்திரம் நிற்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எந்திரம் முழு வலுவோடு ஓடும்போதும் இறக்கை ஸ்டால் ஆகலாம். விமானம் சாய்ந்து திரும்பும்போது இறக்கை சுமக்கும் பாரம் கூடுவதால் ஸ்டால் நேரும் வேகமும் கூடுகிறது: உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தில் பாரம் இரு மடங்காகிறது, ஸ்டால் வேகம் ஏறக்குறைய 41 விழுக்காடு உயர்கிறது. நேராகப் பறக்கையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் விமானம், அந்தத் திருப்பத்தில் ஏறத்தாழ 85 கிலோமீட்டரிலேயே ஆகிவிடும். ஸ்டால் நேரும் கணத்தில் சுக்கானை மிதித்தபடி இருந்தால் ஓர் இறக்கை முந்திக்கொண்டு விழுந்து, விமானம் சுழன்றபடி இறங்கத் தொடங்குகிறது. தரைக்கு அருகில் இது நேர்ந்தால் மீள்வதற்கு உயரம் இராது. எழும்பிய சிறிது நேரத்தில் எந்திரம் நின்றதும் பின்னால் விட்டுவந்த ஓடுபாதைக்கே திரும்பிவிட முயன்று உயிரிழந்தவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். எந்தெந்த விமானம் இந்த எல்லையை நெருங்குகையில் அதிர்ந்து எச்சரிக்கும், எது எச்சரிக்கையே இல்லாமல் சட்டென்று சரியும் என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். ஒரே வரைபடத்திலிருந்து இருவர் கட்டிய இரண்டு விமானங்களுக்கிடையிலும்கூட மாறலாம்.

எந்திரமும் புதிது. செஸ்னாவின் லைகமிங் எந்திரம் நிமிடத்துக்கு 2,700 சுற்றுக்கு உட்பட்டே ஓடுகிறது; இலகுரக விமானங்களில் மிகுதியாகக் காணப்படும் ரோட்டாக்ஸ் 912, பற்சக்கரப் பெட்டி வழியாக விசிறியைச் சுழற்றுவதால், 5,800 சுற்று வரை போகிறது. முதலாவதற்குப் பழகிய காது இரண்டாவதன் ஓசையை ஆபத்தாகக் கருதி, எழும்பும் நேரத்தில் திராட்டிலைக் குறைத்துவிடத் தூண்டும். இவற்றோடு தட்பவெப்பமும் சேர்கிறது. கத்திரி வெயிலில் கும்மிடிப்பூண்டியின் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தொடும்போது, கடல் மட்டத்தை ஒட்டிய அந்த நிலத்தில் காற்று, இயல்பான வளிமண்டலத்தில் 3,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்கு மெலிந்துவிடுகிறது. எந்திரம், விசிறி, இறக்கை ஆகிய மூன்றின் வலுவும் ஒரே நேரத்தில் குறைவதால், ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓட நேர்கிறது, ஏறும் வேகமும் மட்டுப்படுகிறது. அயல்நாட்டுக் குளிர் பகுதியில் எழுதப்பட்ட கிட் கையேட்டின் எண்களை நம்பி மே மாதத்தில் எழும்ப முற்படுபவரை இந்தக் கணக்கு தெரிந்த பயிற்றுநர் தடுத்து நிறுத்துவார்.

புதிய விமானத்துக்கு மாறும்போது பெறும் பயிற்சியின் அருமையை உணர்த்த, 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் நேர்ந்த விபத்தைக் காட்டிலும் பொருத்தமான சான்று இல்லை. புகழ்பெற்ற பாடகர் ஜான் டென்வர் அன்று லாங்-ஈஸி என்னும் சொந்தக் கட்டுமான விமானத்தில் தனியே பறந்தார். விமானத்தைக் கட்டியவர் வேறொருவர். டென்வர் அதை அண்மையில்தான் வாங்கியிருந்தார். அவருக்கு ஏறத்தாழ 2,700 மணி நேரப் பறத்தல் அனுபவம் உண்டு. ஆனால் இந்த விமானத்தில் அவர் பெற்றிருந்த அறிமுகம் முந்தைய நாள் கிடைத்த ஏறக்குறைய அரை மணி நேரம் மட்டுமே. லாங்-ஈஸியின் மூல வரைபடத்தில், எந்தத் தொட்டியிலிருந்து எரிபொருள் எடுப்பது என்பதை மாற்றும் திருகு விமானியின் கால்களுக்கிடையே அமைந்திருந்தது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் மாற்றிவைத்திருந்தார். திருகின் மீது எந்தக் குறியும் இல்லை. எரிபொருள் அளவைக் காட்டும் குழாய்களும் இருக்கைக்குப் பின்னால் இருந்தமையால், அவற்றைப் பார்க்கச் சிறு கண்ணாடி ஒன்று தேவைப்பட்டது. திருகு எட்டவில்லை என்பது புறப்படும் முன்பே தெரிந்திருந்தது. பிடிகுறடு ஒன்றைப் பூட்டி நீட்டிப் பார்த்தும் பலனில்லை. எரிபொருள் நிரப்பவா என்று கேட்கப்பட்டபோது, ஒரு மணி நேரம்தான் பறக்கப் போவதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

வானில் ஒரு தொட்டி வற்றிய நிலையில் அந்தத் திருகை எட்டிப் பிடிக்க, தோள்பட்டையை விடுத்து, உடலை இடப்புறமாகத் திருப்பி, வலக் கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டியிருந்தது. அப்படித் திரும்புபவரின் வலக் கால் தானாகவே எதன் மீதாவது ஊன்றிக்கொள்ளும். ஊன்றிய இடம் வலப்புறச் சுக்கானின் மிதி. சில நூறு அடி உயரத்திலிருந்து விமானம் புரண்டு கடலில் விழுந்தது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விமானி கவனம் சிதறிச் சுக்கானை அறியாமல் மிதித்ததையும், புறப்படும் முன் எரிபொருள் நிரப்பாததையும் காரணங்களாகக் கூறி, திருகின் இட அமைப்பு, குறியிடாத அளவுகாட்டிகள், மாற்றுப் பயிற்சியின் போதாமை, அந்த வகை விமானத்தில் அனுபவமின்மை ஆகியவற்றைத் துணைக் காரணங்களாகப் பதிவு செய்தது. பக்கத்திலோ பின்னாலோ ஒரு பயிற்றுநர் இருந்து, பாதுகாப்பான உயரத்தில் ‘தொட்டியை மாற்றுங்கள்’ என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால், சுக்கான் அழுந்துவதும் விமானம் சரிவதும் அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

அதே வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, இது தனி ஒருவரின் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி செய்தது. அமெரிக்காவின் பொது விமானங்களுள், அதாவது படைத்துறையையும் பயணிகள் விமான நிறுவனங்களையும் சாராதவற்றுள், சொந்தக் கட்டுமான விமானங்களின் பங்கு ஏறக்குறைய 10 விழுக்காடே. 2011-ஆம் ஆண்டின் விபத்துகளிலோ அவற்றின் பங்கு 15 விழுக்காடு, உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் 21 விழுக்காடு. எந்திரக் கோளாறும் கட்டுப்பாட்டை இழத்தலுமே முதன்மைக் காரணங்கள். விபத்துக்குள்ளானவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை, கட்டியவரிடமிருந்து மற்றவர் வாங்கி ஓட்டியவை என்பது பலரும் எதிர்பாராத முடிவு. புதிதாகக் கட்டிய விமானத்தின் முதல் சில மணி நேரமும், கைமாறிய விமானத்தைப் புதிய உரிமையாளர் ஓட்டும் முதல் சில மணி நேரமும்தான் மிகக் கொடியவை.

இதில் ஒரு முரண் நெடுங்காலம் நீடித்தது. புதிய விமானத்தின் முதற்கட்டச் சோதனைக்காலத்தில், வழக்கமாக 25 முதல் 40 மணி நேரம் வரை, வேறு எவரையும் ஏற்றக் கூடாது என்று அமெரிக்க விதி தடுத்தது. ஆகவே உதவி மிகவும் தேவைப்படும் கட்டத்திலேயே விமானி தனியாக விடப்பட்டார். 2014-இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம், தகுதி பெற்ற இரண்டாம் விமானி ஒருவரை அச்சோதனைப் பறத்தல்களில் உடன் அழைத்துச் செல்ல வழி செய்தது. விதியை எழுதுபவர்கள் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டதற்கு இது நல்ல சான்று. அந்நிர்வாகத்தின் வழிகாட்டி ஏடு, விமானத்தின் பெயரைப் பார்க்காமல் குணத்தைப் பார்த்துப் பயிற்சி விமானத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது: விரல் அசைவுக்கே திரும்பிவிடுவது, சட்டென்று வேகம் இழப்பது, வேகத்தை விடாமல் வழுக்கிக்கொண்டே போவது, வால் முன்னே இருப்பது போன்ற வழக்கத்துக்கு மாறான வடிவம் கொண்டது என்று வகைகள் பிரிக்கப்படுகின்றன. அதே மாதிரி விமானம் கிடைக்காவிட்டாலும் அதே குணமுள்ள மற்றொன்றில் பழகலாம் என்பதே இதன் பொருள். ஒற்றை இருக்கை விமானம் கட்டுபவருக்கு வேறு வழியே கிடையாது.

இந்தியாவில் நிலைமை வேறு. தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 17 வயதும், 40 மணி நேரப் பறத்தலும், எழுத்துத் தேர்வுகளும், மருத்துவத் தகுதியும் வேண்டும். விமானம் பறப்பதற்கோ, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமாகிய டிஜிசிஏவின் தனி அனுமதி தேவை. மும்பை காந்திவலியில் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டிய அமோல் யாதவ், 2017-இல் பதிவையும் 2019-இல் பறக்கும் அனுமதியையும் பெற்று, 2020-இல் மகாராஷ்டிரத்தின் துலே ஓடுபாதையில் அதைப் பறக்கவிட்டார். அவர் தொழில்முறை விமானி என்பதை மறந்துவிட்டு, மொட்டை மாடியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் இளைஞர்கள் உண்டு; ஊடகங்களும் அந்தப் பாதியைத்தான் பெரிதாக எழுதின.

இங்கே இலகுரக விமானங்களுக்குப் பஞ்சமில்லாத காலம் வந்துகொண்டிருக்கிறது. பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம் உருவாக்கிய இரண்டு இருக்கை ஹன்சா 1993-இல் முதன்முதலாகப் பறந்தது. பின்னர் ஓசூரின் தனேஜா நிறுவனத்தில் அது தயாரிக்கப்பட்டது. அதன் புதிய வடிவமான ஹன்சா-என்ஜி, 2022-இல் புதுச்சேரியில் கடல்மட்டச் சோதனைகளை முடித்தது. திருவள்ளூர் மாவட்டத்து இளைஞருக்கு மிக மலிவான வாயில், தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு. அப்படை பயன்படுத்திவந்த ஜென் ஏர் சிஎச் 701 விமானம், உலகெங்கும் கிட் வடிவில் வாங்கிச் சொந்தமாகக் கட்டப்படும் அதே வகை என்பதால், அத்தகைய இலகுரக விமானத்தில் பயிற்றுநரோடு ஏறிப் பெறும் சில மணி நேர அனுபவம், பிற்காலத்தில் தாமே ஒன்றைக் கட்ட நினைப்பவருக்கு நேரடியாகப் பயன்படும். பெங்களூரு ஜக்கூரிலும் பயிற்சி கிடைக்கிறது. இந்திய விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கென ஒதுக்கிய நிலையங்களுள் சேலமும் ஒன்று. திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதை ஒன்று இருந்தது. போருக்குப் பின் பல ஆண்டுகள் அதில் விமானங்களுக்குப் பதிலாகப் பந்தயக் கார்களே ஓடின.

வேறிடத்தில் உரிமம் பெற்று வருபவருக்கும் இந்த மண்ணுக்கென்று ஒரு பாடம் மிச்சமிருக்கும். மீனம்பாக்கத்தின் பயணிகள் விமானங்கள், தாம்பரத்தின் விமானப்படை, அரக்கோணத்தின் கடற்படைத் தளமான ராஜாளி, வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் ஆகியவற்றால் இப்பகுதியின் வான்வெளி இறுக்கமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது; எங்கே எப்போது நுழையலாம் என்பதைத் தரையிலேயே கற்றாக வேண்டும். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் அங்கிருந்து கிளம்பும் உயரழுத்த மின்கம்பிகளும் வழியில் நிற்கின்றன. குளிர்காலத்தில் பழவேற்காட்டு ஏரியின் பூநாரைக் கூட்டங்களை விட்டு விலகிச் செல்ல வேண்டும். கோடையில் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, பிற்பகலில் கடற்காற்று உள்ளே புகுந்ததும் நேர் எதிராகத் திரும்பிவிடுவதால், காலையில் எழும்பிய திசையிலேயே மாலையில் இறங்க முற்பட்டால், பின்காற்று தள்ளி ஓடுபாதை போதாமல் போகும்.

பயிற்றுநர் திடீரென்று திராட்டிலை மூடிவிட்டு, ‘எந்திரம் நின்றுவிட்டது, எங்கே இறக்குவீர்கள்?’ என்று கேட்கும் பயிற்சி இங்கே தனிப் பொருள் பெறுகிறது. சம்பா, நவரை, சொர்ணவாரி என்று பருவத்துக்குப் பருவம் வயலின் முகம் மாறும். தண்ணீர் கட்டிய கழனியில் சக்கரம் புதைந்து விமானம் குப்புற விழும். அறுவடை முடிந்த வயலில் வரப்புக்கு இணையாக இறங்கினால் தப்பலாம், குறுக்கே இறங்கினால் வரப்பே சக்கரத்தை வாரிவிடும். வற்றிய ஏரிப் படுகை மேலிருந்து பார்க்கையில் பாய் விரித்தாற்போல் தெரிந்தாலும், ஆயிரம் அடியிலிருந்து ஐந்நூறு அடிக்கு இறங்கும்போதுதான் அதில் சீமைக்கருவேலப் புதர்களும் மண் அள்ளிய குழிகளும் கண்ணில் படும். இந்த மண்ணை அறிந்த பயிற்றுநரோடு நான்கைந்து முறை இறங்கிப் பார்த்தவருக்கே, ஒற்றைப் பார்வையில் தேர்ந்தெடுக்கும் கண் அமையும்.

கட்டிய விமானத்தை ஒருநாள் விற்க நேரலாம். சோதனைப் பறத்தல்களின்போது கண்ட உண்மையான ஸ்டால் வேகம், சிறந்த ஏற்ற வேகம், எந்திரமின்றி மிதந்திறங்கும்போது இழக்கும் உயரம், மூல வரைபடத்திலிருந்து செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் அடங்கிய கையேடு ஒன்றைக் கட்டியவர் எழுதிவைத்திருக்க வேண்டும். வாங்குபவர் அதைப் படித்து, தரையில் இருக்கையில் அமர்ந்து கண்ணை மூடியபடியே ஒவ்வொரு திருகையும் தொட்டுக் காட்டி, பிறகு விமானத்தை அறிந்த ஒருவரோடு, கட்டியவரே தகுதியுள்ளவரானால் அவரோடு, பல மணி நேரம் பறந்து முடித்த பின்பே சாவி கைமாற வேண்டும். விற்பனைப் பத்திரத்தில் விலைக்கு அடுத்த வரியிலேயே இந்த நிபந்தனையையும் எழுதிக்கொள்ளலாம்.